இரண்டு நாளில் ஐந்து மேட்ச்: பன்னிரண்டு வயது முட்டி எவ்வளவு தாங்கும்?

கேள்வி: என் மகனுக்கு 12 வயது. ஆறு வயதிலிருந்து கால்பந்து ஆடுகிறான். கிளப் அணியில் மிட்ஃபீல்டர், பள்ளி அணியிலும் இருக்கிறான். கிளப்பில் வாரம் மூன்று நாள் ஒன்றரை மணி நேரம் பிராக்டீஸ், பள்ளியில் இரண்டு நாள் ஒரு மணி நேரம். கடந்த நான்கு மாதத்தில் மட்டும் ஒன்பது டோர்னமென்ட் ஆடிவிட்டான். சனிக்கிழமை மூன்று மேட்ச், ஞாயிற்றுக்கிழமை இரண்டு, ஒவ்வொன்றும் 50 நிமிடம் என்பதுதான் வழக்கம். கோச் அவனை வெளியே எடுப்பதே இல்லை. இரண்டு மாதமாக வலது முட்டிக்குக் கீழே வலிக்கிறது என்கிறான். அந்த இடம் கொஞ்சம் புடைத்தும் இருக்கிறது. போன டோர்னமென்ட் ஃபைனலுக்கு முன்னால், இன்னொரு பையனின் அப்பா சொன்னதைக் கேட்டு வலி மாத்திரை கொடுத்து ஆடவைத்தேன். ஜெயித்தார்கள். ஆனால் அந்தக் கோப்பை இரண்டு வாரமாகக் கார் டிக்கியிலேயே கிடக்கிறது. அவன் எடுக்கவே இல்லை. கேட்டால் "ஒண்ணுமில்லப்பா" என்கிறான். கோச்சிடம் சொன்னால், "இந்த சீசனில் விட்டால் இடம் போயிடும் சார்" என்கிறார். மகனும் "ஆடுறேன்" என்றுதான் சொல்கிறான். நிறுத்தவா, தொடரவா?

— ஒரு தந்தை

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். டோர்னமென்டை நிறுத்துங்கள். கால்பந்தை நிறுத்த வேண்டாம். இரண்டும் வேறு வேறு என்பது உங்களுக்கும் கோச்சுக்கும், எல்லோரையும்விட உங்கள் மகனுக்கும் புரியவேண்டும் என்பதால்தான் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். பிள்ளைகளின் விளையாட்டுக் காயங்களைப் பார்க்கும் பிசியோதெரபிஸ்டாக எனக்கு இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. வாரக்கடைசியில் பெரிய டோர்னமென்ட் நடந்திருந்தால், திங்கட்கிழமை என் அறைக்கு வெளியே உட்கார இடம் இருக்காது. அங்கே காத்திருக்கும் அப்பா அம்மாக்களில் பாதிப்பேர் உங்கள் கேள்வியைத்தான் கேட்கிறார்கள்.

முட்டியிலிருந்து தொடங்குகிறேன், அவசரம் அதில்தான். இன்று சாயங்காலம் மகனைக் கட்டிலில் உட்காரவைத்துக் காலைத் தொங்கவிடச் சொல்லுங்கள். முழங்கால் சில்லைத் தொட்டு, அங்கிருந்து நேராக மூன்று விரற்கடை கீழே இறங்கினால் கணைக்கால் எலும்பின் மேல் ஒரு சின்ன மேடு தட்டுப்படும். எல்லோருக்கும் அது உண்டு. கட்டைவிரலால் மெதுவாக அழுத்துங்கள். அவன் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு "அங்கேதான்" என்றால், பெரும்பாலும் அது ஆஸ்குட்-ஸ்லாட்டர் என்ற கோளாறு. 1903-ல் அமெரிக்காவின் ராபர்ட் ஆஸ்குட்டும் சுவிட்சர்லாந்தின் கார்ல் ஸ்லாட்டரும் தனித்தனியே விவரித்ததால் இரண்டு பேர் பெயரும் ஒட்டிக்கொண்டது.

நடப்பது இதுதான். பத்து வயதுக்கும் பதினைந்து வயதுக்கும் இடையில் பிள்ளைகள் ஒரு கட்டத்தில் சரசரவென்று உயர்வார்கள். எலும்பு நீளும் வேகத்துக்குத் தசையும், தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாணும் உடனே ஈடுகொடுக்காது. தொடையின் முன்பக்கத் தசை முழுவதும் சேர்ந்து, முழங்கால் சில்லைத் தாண்டி, அந்தச் சின்ன மேட்டில் போய்ப் பிடித்திருக்கிறது. பெரியவர்களுக்கு அந்த மேடு எலும்பு. உங்கள் மகனுக்கு அது இன்னும் எலும்பாக இறுகாத குருத்தெலும்பு. ஒவ்வொரு உதையிலும், ஓட்டத்திலும், குதித்து இறங்கும்போதும் தொடைத் தசை அந்த இடத்தை இழுக்கிறது. இழுத்த இடம் ஆறுவதற்குள் மறுபடி இழுத்தால் வலிக்கும், வீங்கும், புடைக்கும். இன்னும் சின்ன பிள்ளைகளுக்கு இதே கதை குதிகாலில் நடக்கும். அதற்கு செவர் என்று பெயர். எட்டு, ஒன்பது வயதுப் பையன் மேட்ச் முடிந்து நுனிக்காலில் நடந்து வந்தால் நான் முதலில் குதிகாலைத்தான் பிடித்துப் பார்ப்பேன்.

பயப்பட வேண்டாம். வளர்ச்சி முடிந்து அந்தக் குருத்தெலும்பு எலும்போடு இணைந்ததும் இந்த வலி அநேகமாகத் தானே அடங்கும். சிலருக்கு மேடு மட்டும் நிரந்தரமாக நின்றுவிடும், அதனால் தொல்லை இருக்காது. ஆனால் ஓய்வு கொடுத்தால் சில மாதத்தில் அடங்கக்கூடியதை ஒன்றிரண்டு வருஷத்துக்கு இழுத்துவிட ஒரு சுலபமான வழி, வலியோடு வாரக்கடைசிதோறும் ஐந்து மேட்ச் ஆடுவது.

இன்னொன்று. முட்டி வலி என்று வரும் இந்த வயதுப் பிள்ளைக்கு நான் இடுப்பையும் பார்க்காமல் அனுப்புவதில்லை. தொடை எலும்பின் தலைப்பகுதி, எலும்பு நீளும் பகுதியான வளர்ச்சித் தட்டு இருக்கும் இடத்தில் நழுவும் கோளாறு ஒன்று இருக்கிறது. கோளாறு இடுப்பில், வலி தெரிவது பல நேரம் முட்டியில். பையன் நொண்டினாலோ, நடக்கும்போது ஒரு பாதம் மட்டும் வெளிப்பக்கம் திரும்பினாலோ, இடுப்பிலும் தொடையிலும் வலி இருந்தாலோ ஒரு நாள்கூடத் தள்ளாமல் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். ராத்திரி தூக்கத்தை எழுப்பும் வலி, முட்டி முழுவதும் வீக்கம், மடக்கிய முட்டி நீட்ட வராமல் பூட்டிக்கொள்வது, காய்ச்சல், "டப்" என்று ஏதோ அறுந்தது போன்ற திடீர் வலி, இவற்றுக்கும் அப்படியே. இதில் எதுவும் இல்லை, மேட்டில் மட்டும்தான் வலி என்றாலும் ஒருமுறை மருத்துவரிடம் நேரில் காட்டிவிடுவதுதான் நல்லது.

மாத்திரை விஷயத்தில் நீங்கள் குற்ற உணர்ச்சியோடு எழுதியிருப்பது வரிகளிலேயே தெரிகிறது. ஒருமுறை கொடுத்ததற்காக உங்களை நொந்துகொள்ள வேண்டாம், இனி கொடுக்காதீர்கள். வலி என்பது அந்த இடம் "போதும்" என்று சொல்லும் மொழி. அதை அடக்கிவிட்டு ஆடவிட்டால், எங்கே நிற்கவேண்டும் என்று பையனுக்குத் தெரியாமல் போய்விடும். அதோடு, வெயிலில் வியர்த்து உடம்பில் தண்ணீர் குறைந்திருக்கும் நேரத்தில் ஐபுப்ரோஃபென் மாதிரி மாத்திரைகள் சிறுநீரகத்துக்கும் நல்லதல்ல. இதை அந்த இன்னொரு அப்பாவிடமும் பக்குவமாகச் சொல்லுங்கள். கிரவுண்டு ஓரத்தில் இந்த ஆலோசனை ஒருவர் வாயிலிருந்து அடுத்தவர் வாய்க்குப் போய்க்கொண்டே இருக்கிறது.

சரி, இப்போது காலண்டருக்கு வருவோம். நீங்கள் கொடுத்த எண்களை ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பார்த்தேன். ஐந்து மேட்ச், தலா 50 நிமிடம் என்றால் 250 நிமிடம். பெரியவர்களின் ஒரு மேட்ச் 90 நிமிடம். அதாவது உங்கள் பையன் சனிக்கிழமை காலைக்கும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்கும் இடையில் கிட்டத்தட்ட மூன்று முழு மேட்ச் ஆடுகிறான். தொழில்முறை ஆட்டக்காரர்களின் சங்கமான ஃபிஃப்ப்ரோ, ஒரு மேட்சுக்கும் அடுத்ததற்கும் இடையில் சுமார் 72 மணி நேர ஓய்வு வேண்டும் என்று போராடுகிறது. அவர்கள் வளர்ந்து முடிந்த உடம்புக்காரர்கள். கூடவே மருத்துவரும், மசாஜ் செய்பவரும், சாப்பாட்டைக் கவனிக்க ஆளும் இருக்கிறார்கள். உங்கள் மகனுக்கு இரண்டு மேட்சுக்கு நடுவில் கிடைப்பது மரத்தடி நிழலும் ஒன்றிரண்டு மணி நேரமும்.

நான்கு மாதக் கணக்கு இன்னும் கனமானது. ஒன்பது டோர்னமென்ட், 45 மேட்ச், 2,250 நிமிடம். பெரியவர்களின் அளவில் 25 முழு மேட்ச். இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் ஒரு அணி ஆகஸ்டிலிருந்து மே வரை ஆடும் லீக் மேட்சுகளே 38தான். டோர்னமென்ட் இருக்கும் வாரத்தின் கணக்கையும் பாருங்கள். மேட்ச் நான்கு மணி பத்து நிமிடம், ஐந்து வார்ம்-அப்புக்குத் தலா அரை மணி என்று வைத்தால் இரண்டரை மணி, கிளப் பிராக்டீஸ் நாலரை மணி, பள்ளி இரண்டு மணி. மொத்தம் பதின்மூன்று மணிக்கு மேல். விளையாட்டு மருத்துவத்தில் ஒரு எளிய அளவுகோல் உண்டு: வாரத்தில் எத்தனை மணி நேரம் கோச்சின் கீழ் ஆடுகிறானோ, அது அவன் வயதைத் தாண்டக்கூடாது. அமெரிக்காவில் இளம் விளையாட்டு வீரர்களை வைத்து நீரு ஜெயந்தி குழுவினர் செய்து 2015-ல் வெளியிட்ட ஆய்வில், வயதைவிட அதிக மணி நேரம் ஆடிய பிள்ளைகளுக்கு அதிகப் பயன்பாட்டால் வரும் தீவிரக் காயங்கள் கூடுதலாக இருந்தன. யாரும் சொல்லாமல் தாங்களாக ஆடும் ஆட்டத்தைவிட, ஏற்பாடு செய்த ஆட்டம் இரண்டு மடங்கைத் தாண்டிய பிள்ளைகளுக்கும் அப்படியே.

ஓய்வைப் பற்றி அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அகாடமி 2016-ல் சொன்னது எனக்கு மிகவும் உபயோகமாக இருக்கிறது. வாரத்தில் குறைந்தது ஒன்றிரண்டு நாள் அந்த விளையாட்டுக்கு விடுமுறை. வருஷத்தில் மொத்தம் மூன்று மாதம் விடுமுறை, அதை ஒவ்வொரு மாதமாகப் பிரித்தும் எடுக்கலாம். உங்கள் வீட்டுக் காலண்டரில் கால்பந்து இல்லாத முழு மாதம் கடைசியாக எப்போது இருந்தது என்று யோசியுங்கள். பெரும்பாலான குடும்பங்கள் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லமுடியாமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள்.

இத்தனை டோர்னமென்ட் எப்படி வந்து சேர்ந்தது? யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்ததல்ல. ஒரு கிளப் டோர்னமென்ட் நடத்தினால், நுழைவுக் கட்டணத்தில் அதன் வருஷச் செலவில் ஒரு நல்ல பங்கு வந்துவிடும். அந்த கிளப் அழைத்தால் மரியாதைக்கு இவர்கள் போகவேண்டும், இவர்கள் நடத்தும்போது அவர்கள் வரவேண்டும். கோப்பை வென்ற படம் போட்டால் அடுத்த வருஷம் சேர்க்கை கூடும். "ஆள் எடுக்கிறவர்கள் பார்க்க வருவார்கள்" என்ற பேச்சு போதும், பெற்றோர் கிளம்பிவிடுவார்கள். அப்புறம், இன்னொரு அணியில் ஆள் குறைகிறது என்று நல்ல ஆட்டக்காரனை ஒரு வாரத்துக்குக் கடன் கேட்பார்கள். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் நியாயம்தான். எல்லாம் சேர்ந்து ஒரே பையனின் முட்டியில் போய் இறங்குவதை மட்டும் யாரும் கணக்கு வைப்பதில்லை. கிளப் கோச்சுக்குப் பள்ளிக் கணக்கு தெரியாது, பள்ளி ஆசிரியருக்கு கிளப் கணக்கு தெரியாது. அந்தக் கணக்கை வைக்கக்கூடிய ஒரே ஆள் நீங்கள்.

நான் டோர்னமென்டுக்கு எதிரி இல்லை. பிள்ளைகள் ஒன்றாகத் தங்கி, ஒன்றாகச் சாப்பிட்டு, பேர் தெரியாத அணியோடு மோதி, தோற்று அழுது, சிரித்துக்கொண்டு திரும்பும் அந்த இரண்டு நாளை வாழ்நாள் முழுக்க மறக்கமாட்டார்கள். நார்வேயைப் பாருங்கள். ஆஸ்லோவில் 1972 முதல் நடக்கும் நார்வே கப், உலகின் மிகப்பெரிய சிறுவர் கால்பந்துத் திருவிழாக்களில் ஒன்று. அதே நாடுதான் 1987-லேயே குழந்தைகள் விளையாட்டுக்கென்று தனி விதிகளைக் கொண்டுவந்தது. 11 வயதுக்கு முன் புள்ளிப்பட்டியலும் தரவரிசையும் இல்லை, 13 வயதுக்கு முன் தேசிய சாம்பியன்ஷிப் இல்லை. திருவிழா வருஷத்துக்கு ஒன்றிரண்டு முறை வந்தால்தானே திருவிழா! ஜெர்மனியும் 2024-25 சீசனிலிருந்து மிகச் சிறிய வயதுப் பிரிவுகளில் புள்ளிப்பட்டியலை எடுத்துவிட்டது. சின்ன ஆடுகளத்தில், சின்ன கோல்களுடன், இரண்டு பேருக்கு இரண்டு பேர், மூன்று பேருக்கு மூன்று பேர் என்று ஆடவைக்கிறார்கள். எல்லாப் பிள்ளை காலிலும் பந்து பட வேண்டும் என்பதுதான் நோக்கம்.

காயத்தைவிட எனக்குப் பெரிதாகத் தெரியும் நஷ்டம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. அடுத்த பிராக்டீஸுக்குப் போகும்போது நான்கு பேருக்கு நான்கு பேர் ஆடும் பத்து நிமிடம் உங்கள் மகனை மட்டும் பாருங்கள். பந்து எத்தனை முறை அவன் காலுக்கு வருகிறது, எத்தனை முறை ஆளைத் தாண்ட முயல்கிறான், இடது காலால் எத்தனை முறை உதைக்கிறான் என்று எண்ணுங்கள். ஒரு டோர்னமென்ட் மேட்சில் பத்து நிமிடம் அதையே எண்ணியிருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்று நினைவுபடுத்திப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம், செமி ஃபைனல், ஸ்கோர் 0-0. பின்னால் நிற்கும் பையன் பந்தை நிறுத்தித் தலை நிமிர்கிறான். அவன் சின்ன பாஸ் கொடுக்க நினைக்கும் முன்பே ஓரத்திலிருந்து "தூக்கி அடி!" என்று ஏழெட்டுக் குரல். அவனும் தூக்கி அடிக்கிறான். புதிதாக ஒன்றை முயன்று தவறினால் கோல் விழும், கோல் விழுந்தால் ஊருக்குக் கிளம்பவேண்டும். அதனால் யாரும் முயல்வதில்லை. ஏற்கெனவே தெரிந்ததையே களைத்த காலால் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். திங்கட்கிழமை கோச் அந்தத் தவறைத் திருத்தலாம் என்றால், பிள்ளைகள் நடக்கவே முடியாமல் வருகிறார்கள். புதன்கிழமை கொஞ்சம் தெளிந்தால், அதற்குள் அடுத்த டோர்னமென்டுக்குத் தயாராகவேண்டும். கற்றுக்கொள்ள எந்த நாள் மிச்சம்?

வார்ம்-அப்பும் அப்படித்தான். ஃபிஃபா வெளியிட்ட 11+ கிட்ஸ் என்ற வார்ம்-அப் முறை 7 முதல் 13 வயதுப் பிள்ளைகளுக்கானது, இருபது நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஒழுங்காகச் செய்யும் அணிகளில் காயம் கணிசமாகக் குறைகிறது. ஆனால் முந்தைய மேட்ச் தாமதமாகி, "அடுத்த அணி உள்ளே வாங்க" என்று மைக்கில் கூப்பிடும் டோர்னமென்டில் அதை ஒழுங்காகச் செய்ய இடம் எங்கே? தூக்கமும் போய்விடுகிறது. இந்த வயதுக்கு ஒன்பது மணி நேரத் தூக்கமாவது வேண்டும். முதல் மேட்ச் காலை எட்டு மணிக்கு, கிரவுண்டு ஒன்றரை மணி நேரப் பயணத்தில் என்றால் அவன் எத்தனை மணிக்கு எழுகிறான் என்று உங்களுக்கே தெரியும்.

"அவனே ஆடுறேன் என்கிறானே" என்று எழுதியிருக்கிறீர்கள். என்னிடம் வரும் பிள்ளைகளில் "வேண்டாம்" என்று சொன்னவர்கள் மிகக் குறைவு. பன்னிரண்டு வயதில் நண்பர்கள் எல்லோரும் ஜெர்ஸியோடு நிற்கும்போது "எனக்கு வலிக்கிறது" என்று சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும்! போதாததற்கு, நீங்கள் கட்டிய பணமும், ஓட்டிய காரும், விட்ட வேலையும் அவனுக்குத் தெரியும். "ஆடுறேன்" என்பதில் ஆசையும் இருக்கும், உங்களை ஏமாற்றக்கூடாது என்ற கவலையும் இருக்கும். இரண்டையும் பிரித்துப் பார்க்க அவனால் முடியாது. அந்த முடிவை அவன் தோளில் வைக்காதீர்கள். "அப்பா முடிவு பண்ணிட்டேன், ஆறு வாரம் டோர்னமென்ட் இல்லை" என்று நீங்கள் சொன்னால், நண்பர்களிடம் "எங்கப்பா விடமாட்டேங்குறார்" என்று சொல்லிக்கொள்ள அவனுக்கு ஒரு வழி கிடைக்கும். அந்தப் பழியை நீங்கள் சந்தோஷமாக ஏற்றுக்கொள்ளுங்கள்.

என் மனதில் இன்றும் இருக்கும் ஒரு பையனைப் பற்றிச் சொல்லவேண்டும். பதினைந்து வருஷம் இருக்கும். 13 வயதுக்குட்பட்டோர் அணி ஒன்றுக்கு பிசியோவாகப் போயிருந்தேன். வலது விங்கில் ஆடுவான், காற்று மாதிரி ஓடுவான். இரண்டாவது நாள் காலை இரண்டு குதிகாலும் வலி. அவன் அப்பா என் முகத்தைப் பார்த்தார், கோச்சும் பார்த்தார். நான் குதிகாலுக்கு டேப் சுற்றி, "ஆடலாம்" என்று சொன்னேன். அன்றைக்கு மூன்றாவது மேட்சில் அவன் கோட்டுக்கு வெளியே தானாக நடந்து வந்து புல்லில் உட்கார்ந்துவிட்டான். கால் சரியாக நான்கு மாதம் ஆனது. கால் சரியான பிறகும் அவன் அணிக்குத் திரும்பவில்லை. பிறகு ஒருநாள் அவனைப் பார்த்தபோது கேட்டேன். "சனிக்கிழமை காலையில முழிப்பு வந்தாலே வயித்தைக் கலக்கும் அங்கிள், அதான் விட்டுட்டேன்" என்றான். அந்த வயிற்றுக் கலக்கத்தைப் பற்றி அன்று நான் கேட்கவே இல்லை. குதிகாலை மட்டும்தான் பார்த்தேன்.

அதனால்தான் உங்கள் கடிதத்தில் அந்தக் கோப்பை பற்றிய வரியை நான் நாலைந்து முறை படித்தேன். ஜெயித்த பிள்ளை கோப்பையை எடுக்காமல் விடுவதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். ஆட்டத்தின்மேல் இருந்த ஆசை வற்றிப்போவதற்கு முன்னால் இப்படித்தான் சின்னச் சின்ன அடையாளங்கள் தெரியும். பூட்ஸைக் கழுவாமல் போட்டுவிடுவது, டிவியில் மேட்ச் பார்ப்பதை விட்டுவிடுவது, சனிக்கிழமை காலையில் தலைவலி, சின்ன விஷயத்துக்கு எரிச்சல். இதில் ஏதாவது இருக்கிறதா என்று கவனியுங்கள். கேள்வியாகக் கேட்காதீர்கள், "ஒண்ணுமில்லப்பா" என்றுதான் வரும். காரில் போகும்போது, மேட்ச் பற்றிப் பேச்சே எடுக்காமல் சும்மா இருங்கள். கொஞ்ச தூரம் போனதும் அவனே ஆரம்பிப்பான்.

இனி என்ன செய்யலாம்? முதல் நான்கு வாரம் வேக ஓட்டம், குதித்தல், ஓங்கி உதைத்தல் மூன்றும் வேண்டாம். பிராக்டீஸுக்குப் போகட்டும், நண்பர்களை விட்டுப் பிரிக்காதீர்கள். பந்தை உருட்டுவது, நின்று சின்ன பாஸ் கொடுப்பது, இடது காலைப் பழக்குவது, கோச்சோடு நின்று ஆட்டத்தைப் படிப்பது என்று அவனுக்கு வேலை இருக்கிறது. நீச்சலும் சைக்கிளும் வலிக்காத அளவுக்குச் செய்யலாம். எதைச் செய்தாலும் பத்துக்கு எவ்வளவு வலி என்று கேளுங்கள். மூன்றுக்கு மேல் என்றாலோ, மறுநாள் காலையிலும் வலி மிச்சம் இருந்தாலோ, அன்று செய்தது அதிகம் என்று அர்த்தம். வலித்த அன்று ஐஸைத் துணியில் சுற்றிப் பத்து நிமிடம் வையுங்கள். நான்கு வாரத்துக்குப் பிறகு தொடையைப் பலப்படுத்தும் பயிற்சிகளை ஒரு பிசியோவின் மேற்பார்வையில் தொடங்கி, மெல்ல ஓட்டம், அப்புறம் உதை, கடைசியாக மேட்ச். ஆறு வாரத்தில் மேட்டை அழுத்தினால் வலி இல்லை என்றால் ஒற்றை மேட்சில் பாதி நேரம் ஆடட்டும். வலி இருந்தால் இன்னும் பொறுங்கள்.

கோச்சிடம் பேசும்போது "அதிகமாக இருக்கிறதோ?" என்று சந்தேகமாகக் கேட்காதீர்கள், "இல்லை" என்று சொல்லிவிடுவார். "சார், ஆறு வாரம் தம்பி டோர்னமென்டுக்கு வரமாட்டான். பிராக்டீஸுக்கு ஒருநாளும் தவறமாட்டான். அதற்குப் பிறகு அடுத்த ஆறு மாதத்துக்கு மூன்று டோர்னமென்ட் மட்டும்தான். எந்த மூன்று என்று நீங்களே சொல்லுங்கள். ஒருநாளைக்கு இரண்டு மேட்சுக்கு மேல் வேண்டாம்" என்று முடிவாகச் சொல்லுங்கள். மூன்றைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை அவரிடம் கொடுப்பது முக்கியம். அவரை எதிரியாக்கிவிட்டு எதுவும் நடக்காது. நான் பழகிய கோச்சுகளில் பலரும் உள்ளூர இதைத்தான் விரும்புகிறார்கள். "பேரன்ட்ஸ்தான் சார் டோர்னமென்ட் கேக்குறாங்க" என்று என்னிடம் அலுத்துக்கொண்டவர்கள் உண்டு. முடிந்தால் இன்னும் இரண்டு பெற்றோரைச் சேர்த்துக்கொண்டு போங்கள். அணியில் பதினான்கு பேர் இருந்தால் எல்லோரையும் மாற்றி மாற்றி இறக்கும்படி கேளுங்கள். வெளியே உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் அப்பாவும் அதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருப்பார்.

இடம் போய்விடுமா என்றால், போகலாம். உங்களிடம் பொய் சொல்லமாட்டேன். ஆறு வாரத்தில் இன்னொரு பையன் அந்த இடத்தில் நன்றாக ஆடிவிடலாம். ஆனால் 12 வயதில் கிடைத்த இடம் 16 வயதில் நிற்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. இந்த வயதில் அணியைத் தீர்மானிப்பது பல நேரம் யார் முதலில் உயர்ந்தார்கள், யார் வருஷத்தின் முதல் மாதங்களில் பிறந்தார்கள் என்பதுதான். எல்லோரும் வளர்ந்து முடிக்கும்போது அந்த வித்தியாசம் கரைந்துவிடும். அப்போது பந்தோடு பழகிய காலும், வலிக்காத முட்டியும், ஆட ஆசையும் யாரிடம் இருக்கிறதோ அவர்களுக்கு இடம் கிடைக்கும். ஆறு வாரம் பொறுக்காத அணி என்றால், வேறு அணியைத் தேடுவதில் தப்பே இல்லை.

பள்ளி அணி விஷயம் ஒன்று பாக்கி. இரண்டு அணியின் தேதிகளையும் ஒரே காலண்டரில் எழுதுங்கள். எழுதும்போது மேட்சுகளுக்கு முன்னால் ஓய்வு வாரங்களை எழுதுங்கள், முதலில் அந்தக் கட்டங்களை அடைத்துவிடுங்கள். மிச்சமுள்ள கட்டங்களில்தான் டோர்னமென்ட். வருஷத்தில் ஒரு முழு மாதமாவது பந்தே வேண்டாம், அவனுக்குப் பிடித்தால் வேறு ஏதாவது விளையாடட்டும். கோச்சும் விசிலும் இல்லாமல் தெருப்பிள்ளைகளோடு செருப்பைக் கோல் கம்பமாக வைத்து ஆடுவதற்குத் தடை போடாதீர்கள், முட்டி அனுமதிக்கும்வரை. நல்ல கால்பந்து நிறைய அங்கிருந்துதான் வந்திருக்கிறது.

டிக்கியில் இருக்கும் கோப்பையை நீங்கள் எடுத்து ஷெல்ஃபில் வைக்காதீர்கள். அங்கேயே இருக்கட்டும். மருத்துவர் பார்த்தபின் இடுப்பைப் பற்றி என்ன சொன்னார், மேட்டை அழுத்தினால் வலி எப்படி இருக்கிறது என்று ஆறு வாரம் கழித்து எழுதுங்கள். கோப்பையை அவன் எடுத்தானா என்பதையும் சேர்த்து.